தாய்வழி வந்த விலங்கு

சென்னைத் துறைமுகத்தில் ஏறி, ஏறக்குறைய மூன்று நாள் வங்கக் கடலைக் கடந்து போகும் கப்பல் போர்ட் பிளேயரில் அணைகிற துறை ஹேடோ. அந்தமானுக்குப் பிழைக்கப் போன தமிழர்கள் பலருக்கு அந்தத் தீவில் கால் பட்ட முதல் மண் அதுதான். இறங்கியவர்கள் உறவுக்காரர் வீட்டைத் தேடிப் போவார்கள். சுற்றிப்பார்க்க வந்தவர்கள் செல்லுலார் சிறைக்குப் போவார்கள். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த அந்தச் சிறையைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு, திரைப்படங்கள் உண்டு. ஆனால் அந்தச் சிறைக்கு முதல் கல் வைப்பதற்கு முன்பே ஹேடோவில் வேறொரு காவல் இருந்தது. குற்றம் எதுவும் செய்யாதவர்கள், தீவுக்குச் சொந்தக்காரர்கள், தங்கள் பெண்டு பிள்ளைகளோடு அங்கே வைக்கப்பட்டிருந்தார்கள். அதற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'அந்தமான் ஹோம்'. நாம் இல்லம் என்று சொல்லலாம்.

1858 மார்ச்சில் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கித் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டத் தொடங்கியதும் காட்டுக்கு உரியவர்கள் எதிர்த்தார்கள். 1859 மே மாதம் போர்ட் பிளேயரின் அபர்தீன் பகுதியில் அம்பும் துப்பாக்கியும் மோதின. நான்கு ஆண்டு கழித்து, 1863-இல், ஹென்றி கார்பின் என்ற பாதிரியார் போர்ட் பிளேயருக்கு எதிரே உள்ள ராஸ் தீவில் முதல் இல்லத்தைத் திறந்தார். பிறகு அதே பெயரில் வேறு இடங்களிலும் இல்லங்கள் எழுந்தன. அவற்றுள் முக்கியமானது ஹேடோ. பெரிய அந்தமானியர் என்று இன்று நாம் மொத்தமாகச் சொல்கிற பத்துக் குழுக்களின் அழிவில் பெரும் பகுதி இந்த இல்லங்களின் கூரைக்குக் கீழே நடந்தது.

இதை அடிமைமுறை என்று சொல்லலாமா என்ற கேள்வியைத் தாண்டிப் போக நான் விரும்பவில்லை. ஹேடோவில் யாரும் யாரையும் சந்தையில் விற்கவில்லை. பின்னாளில் இல்லத்துக்கு வருவதும் போவதும் ஓரளவு அவர்கள் விருப்பப்படியே நடந்தது. சோறும் புகையிலையும் மருந்தும் கிடைத்தன. ஆனால் தொடக்கத்தில் ராஸ் தீவில் காவலர்கள் நின்றார்கள். கால்விலங்கு இருந்தது. காடு வெட்டச் சொன்னார்கள். தப்பியோடும் கைதிகளைப் பிடித்துத் தரும் வேலையையும் இல்லத்து மனிதர்கள் தலையில் கட்டினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் பிடித்து வைத்துக்கொண்டால் ஆண்கள் தாமாக வந்து பணிவார்கள் என்பது அன்றைய அதிகாரிகளின் கணக்கு. ராஸ் தீவிலிருந்து கடலில் குதித்து நீந்தித் தப்பியவர்கள் உண்டு. நீந்தி ஓடவேண்டியிருந்த இடத்துக்கு என்ன பெயர் இட்டாலும் அது வீடாகாது.

அடிமைத்தனத்துக்கு எதிரான சட்டம் அப்போது இல்லாமலும் இல்லை. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமை என்ற நிலையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. சட்டம் விற்பனையைத் தடுத்தது. விற்காமலே ஒருவரை வைத்துக்கொள்ளும் வழிகள் திறந்தே கிடந்தன. அந்த வழிகளில் மிகப் பழையது தாயின் வழி.

1662-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா குடியேற்றத்தில் ஒரு சட்டம் வந்தது. பிறக்கும் குழந்தை சுதந்திரமானதா அடிமையா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்றது அது. தகப்பன் வெள்ளைக்கார எசமானனாகவே இருந்தாலும் அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்த பிள்ளை அடிமை. கருப்பையையே பத்திரமாகப் பதிந்துகொண்ட சட்டம் இது. நம் ஊரிலும் அடிமைத்தனம் வழிவழியாகவே எழுதப்பட்டது. 1201-இல் பஞ்சத்தின் கொடுமையில், திருப்பாம்புரம் கோயிலுக்கு ஒரு வேளாளர் தம் இரண்டு மகள்களோடு தம்மையும் 110 காசுக்கு விற்றுக்கொண்டதைக் கல்வெட்டு சொல்கிறது. 17-ஆம் நூற்றாண்டில், தஞ்சைப் பகுதி போராலும் பஞ்சத்தாலும் சீரழிந்த 1659-க்கும் 1661-க்கும் இடையில், டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றினார்கள். பெற்றவருக்கும் பிள்ளைக்கும் இடையில் ஓடும் உறவின் மேலும் இந்த வணிகம் நின்றது. பசி பிள்ளையை விற்க வைத்தது. பிள்ளை மேல் வைத்த பாசம் விற்றவரையும் பின்னாலேயே போக வைத்தது.

ஆகவே, அடிமைத்தனத்திலிருந்து தப்பும் கதைகளைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது ஓடுகிறவர் தனியாக ஓடுகிறாரா என்பதைத்தான்.

அந்தமானில் பெண்டு பிள்ளை இல்லாமல் ஓடிய ஒருவரின் கதை புகழ்பெற்றது. தூத்நாத் திவாரி, 1857 கிளர்ச்சியையொட்டித் தண்டனை பெற்று வந்த கைதி. 1858 ஏப்ரலில் கூட்டமாகத் தப்பியவர்களில் ஒருவர். அம்புபட்டு விழுந்தும் உயிர் பிழைத்தார். அந்தமானியர் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஓராண்டுக்கும் மேல் அவர்களோடு வாழ்ந்தார். லீபா, ஜிகா என்ற இரண்டு பெண்களை அவருக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். 1859 மே மாதம், அபர்தீன் மேல் தாக்குதல் வருகிறது என்று ஆங்கிலேயருக்கு முன்கூட்டிச் சொன்னவரும் அவர்தான். அதற்குப் பரிசாக மன்னிப்புப் பெற்று ஊர் திரும்பினார். அவர் பிரிந்து போனபோது லீபா கருவுற்றிருந்தாள். வரலாற்று நூல்கள் திவாரியின் துரோகத்தைப் பற்றியோ ராஜதந்திரத்தைப் பற்றியோ விவாதிக்கின்றன. எனக்கு அவர் ஓடிய விதம்தான் கண்ணை உறுத்துகிறது. இரண்டு முறை தப்பினார், இரண்டு முறையும் பெண்டு பிள்ளை என்று யாரையும் உடன் அழைத்துக்கொள்ளாமல். சிறைப்பட்டவனின் விடுதலை தாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருந்தவளுக்கு அந்த வழி இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

பிள்ளையோடு ஓடியவளின் கதைக்கு உலக வரலாற்றில் ஒரு பெயர் உண்டு: மார்கரெட் கார்னர். 1856 ஜனவரியில், கென்டக்கியிலிருந்து கணவனோடும் நான்கு பிள்ளைகளோடும், உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றின் மேல் நடந்து சின்சினாட்டிக்குத் தப்பினாள். சில மணி நேரத்தில் வீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். திரும்பவும் அடிமையாகப் போவதைவிட இது மேல் என்று இரண்டு வயது மகளைத் தன் கையாலேயே கொன்றாள். அவளை எந்தச் சட்டத்தின் கீழ் நிறுத்துவது என்று வழக்கு நடந்தது. கொலைக் குற்றம் சாட்டினால் அவளை மனுஷி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தப்பியோடிய அடிமைகள் பற்றிய 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவள் ஒருவருடைய சொத்து. சொத்து என்றே முடிவாகித் தெற்கே திருப்பி அனுப்பப்பட்டாள். போகிற வழியில் கப்பல் விபத்தில் அவளுடைய கைக்குழந்தை, இன்னொரு மகள், நீரில் மூழ்கிப் போனாள். மார்கரெட் 1858-இல், போர்ட் பிளேயரில் தண்டனைக் குடியேற்றம் தொடங்கிய அதே ஆண்டில், டைபாய்டு காய்ச்சலில் இறந்தாள். டோனி மாரிசன் 1987-இல் எழுதிய 'பிலவ்ட்' நாவலுக்கு வித்து இந்த வாழ்க்கைதான்.

மார்கரெட் செய்ததை நியாயப்படுத்தவோ கண்டிக்கவோ நமக்குத் தகுதி இல்லை. ஆனால் அவள் எதைப் புரிந்துகொண்டிருந்தாள் என்பது தெளிவு. தன் மகள் உயிரோடு இருந்தால் அவளும், அவள் வயிற்றில் பிறப்பவர்களும், அதற்குப் பின் வருபவர்களும் எசமானனின் கணக்கேட்டில் ஏறுவார்கள். 1662-இன் சட்டம் மகள்கள் வழியாகத்தான் நீள்கிறது. ஆற்றைக் கடந்தபோது அவள் தன் உடம்பை மட்டும் மீட்கப் பார்க்கவில்லை. அந்த வரிசையையே அறுக்கப் பார்த்தாள்.

இனி ராஸ் தீவுக்கும் ஹேடோவுக்கும் வருவோம். 1863 ஜனவரியில் பிராட் என்ற கடற்படைக்காரன் ஒரு அந்தமானியப் பெண்ணைப் பலவந்தப்படுத்த முயன்று கொல்லப்பட்டான். பிடிபட்ட இருவருக்கு ஆங்கிலேயர் 'ஜம்போ', 'ஸ்னோபால்' என்று பெயர் வைத்தார்கள். ஜம்போவின் மனைவியும் ராஸ் தீவுக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு வைத்த பெயர் 'டாப்ஸி'. அதற்குப் பதினொரு ஆண்டு முன்பு, 1852-இல் வெளியாகி ஆங்கிலம் படித்தவர்கள் எல்லோர் கையிலும் இருந்த 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலில் டாப்ஸி ஓர் அடிமைச் சிறுமி. தாய் தகப்பன் யார் என்றே அறியாதவள். தான் பிறந்தவள் என்பதையே நம்பாதவள். தீவில் தாய் உண்டு, குலம் உண்டு, கணவன் உண்டு என்றிருந்த ஒரு பெண்ணுக்குத் தாயில்லாத அடிமையின் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவளுடைய சொந்த சமூகத்தில் ஒரு பெண்ணுக்குப் பெயர் எப்படி வரும் என்பதை அந்தமானியரை ஆராய்ந்த இ. ஹெச். மேனும் ராட்கிளிஃப் பிரவுனும் எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளை பிறப்பதற்கு முன்பே ஒரு பெயர் இட்டுவிடுவார்கள். பெண் பூப்பெய்தினால், அந்தப் பருவத்தில் காட்டில் எந்த மரம் பூத்திருக்கிறதோ அதன் பூவின் பெயரும் சேரும். அவள் தாயாகும்வரை அந்தப் பூப்பெயரால் அழைப்பார்கள். கைக்குழந்தையை மரப்பட்டைப் பட்டியில் தாங்கிச் சுமப்பார்கள். ஒரு குழந்தைக்குப் பல பெண்கள் பால் கொடுப்பார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை வேறு குடும்பத்தில் வளர்வதும் வழக்கம். அதனால் அங்கே ஒரு மகளுக்கு ஒரே ஒரு தாய் என்பதில்லை. குழந்தை இறந்துவிட்டால் குடிசையின் அடுப்படியிலேயே புதைப்பார்கள். அதன் உயிர் மறுபடியும் தாயின் வயிற்றுக்குத் திரும்பும் என்பது நம்பிக்கை. அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்குப் பழைய பெயரையே வைப்பார்கள்.

இந்த நம்பிக்கையோடு வாழ்ந்த பெண்கள்தான் இல்லங்களுக்குள் பிள்ளை பெற்றார்கள். அங்கே பிறந்த ஏறக்குறைய 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை என்பது அந்தமானியரைப் பற்றிய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு. காரணம் தெய்வ குற்றமும் இல்லை, காட்டு மக்களின் அறியாமையும் இல்லை. குடியேற்றத்து ஆண்கள் வழியாகப் பெண்களுக்கு மேகநோய் வந்தது. அதிகாரிகள் அதைக் கண்டுகொண்டது 1876-இல். அதற்குள் அது தாயிடமிருந்து கருவுக்குப் போய்விட்டிருந்தது. அடுத்த ஆண்டு, 1877-இல், தட்டம்மை வந்தது. நெருக்கியடித்துக் கிடந்த இல்லங்களில் பரவி, அங்கிருந்து காட்டுக்குத் திரும்பியவர்களோடு ஊர் ஊராகப் போனது. பெரிய அந்தமான் மக்களில் பாதிக்கும் மேல் அதில் அழிந்ததாக, 1879 முதல் அந்தமானியர் பொறுப்பில் இருந்த எம். வி. போர்ட்மேனே மதிப்பிட்டார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மார்கரெட்டின் ஊரில் அடிமைத்தனம் தாய்வழியாக நீண்டு பெருகியது. பிள்ளைகள் பிறக்கப் பிறக்க எசமானனுக்கு லாபம். ஹேடோவில் அதே தாய்வழி நோயைக் கொண்டு போய் வமிசத்தையே முடித்துவைத்தது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். பெண்ணின் உடல் பிறருடைய பொறுப்பில் வைக்கப்பட்டால், அவள் மகளின் வாழ்வும் சாவும் அங்கேயே முடிவாகிவிடும். நீந்தத் தெரிந்த பெண்ணுக்குக் கடல் தடையாக இருந்திருக்காது. ஆனால் நோயுற்ற கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எவ்வளவு தூரம் நீந்துவது? இல்லத்துக்குப் பூட்டும் தாழ்ப்பாளும் பின்னாளில் தேவைப்படாமல் போனதற்கு இதுவும் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

குடும்பத்தையே தூக்கிக்கொண்டு வருவதும் அன்றைய நடைமுறையாக இருந்தது. 1880 ஜனவரியில் போர்ட்மேன் வடக்கு சென்டினல் தீவில் இறங்கினார். அங்கே பிடிபட்ட வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேயருக்குக் கொண்டுவந்தார். வெகு சீக்கிரத்தில் எல்லோரும் நோயில் விழுந்தார்கள். முதியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு தீவில் கொண்டுபோய் விட்டார்கள். இன்றும் அந்தத் தீவுக்காரர்கள் கரைக்கு வருகிறவர்களை அம்போடு எதிர்கொள்கிறார்கள். உலகம் அதைக் காட்டுமிராண்டித்தனம் என்கிறது. பெரியவர்கள் இல்லாமல் திரும்பி வந்த அந்த நான்கு பிள்ளைகளை நினைத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இதெல்லாம் பழைய கதை, தூரத்துத் தீவின் கதை என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. முன்பணத்துக்காக மட்டுமின்றி, வாரிசு முறையில் வந்த கடப்பாட்டுக்காக ஒருவர் உழைத்தாலும் அது கொத்தடிமைத்தனம் என்று அந்தச் சட்டமே விளக்குகிறது. கடன் பிள்ளைகள் மேல் இறங்குவதை நாடாளுமன்றமே கண்டறிந்து எழுத வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் தமிழ்நாட்டின் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. அவர்கள் சொல்லும் கதைகளில் ஒரு விவரம் மாறாமல் வருகிறது. ஊரில் சாவு என்றாலும் திருவிழா என்றாலும் ஒருவரைத்தான் அனுப்புவார்கள், மற்றவர்கள் அங்கேயே இருக்க வேண்டும். பிள்ளை உள்ளே இருக்கிறவரை தாய் திரும்பி வந்துவிடுவாள் என்பது ஆலை முதலாளிக்கும் தெரியும். ராஸ் தீவு அதிகாரிக்குத் தெரிந்திருந்த அதே கணக்கு.

இதிலிருந்து நான் அறிந்துகொள்வது ஒன்று. தாய்க்கும் மகளுக்கும் இடையிலுள்ள பாசம் புனிதமானது என்று பேசுவது எளிது. அந்தப் பாசத்தை அதிகாரம் எப்போதும் ஒரு கருவியாகவே கண்டிருக்கிறது, அதைப் பிடித்தால் இருவரையும் பிடிக்கலாம் என்று அறிந்திருக்கிறது. அப்படியானால் விடுதலையையும் இருவருக்குமாகத்தான் அளக்க வேண்டும். மகள் உள்ளே இருக்கத் தாய் வெளியே வந்தால் அது விடுதலைக் கணக்கில் சேராது. வருவாய்க் கோட்டாட்சியர் தரும் விடுவிப்புச் சான்று தாயின் பெயரில் இருந்து, மகள் அடுத்த ஆண்டே வேறொரு சூளையில் முன்பணம் வாங்கினால், அந்தச் சான்று பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது. நிலமும் பட்டாவும் பள்ளிக்கூடமும் சாதிச் சான்றிதழும் மகளுடைய கைக்கு வரும்போதுதான் தாய் முழுதாக வெளியே வருகிறாள்.

பெரிய அந்தமானியருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1858-இல் ஐயாயிரத்துக்குக் குறையாமல் இருந்ததாக மதிப்பிடப்படும் அவர்கள், 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1931-இல் 90 பேர். 1961-இல் 19 பேர். எஞ்சியவர்களை 1970-ஐ ஒட்டி ஸ்ட்ரெயிட் தீவில் குடியமர்த்தினார்கள். அவர்களில் ஒருவர் போவா சீனியர். போ மொழியின் கடைசிக் குரல் என்று 2010 ஜனவரி 26-ஆம் நாள் அவர் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் எழுதின. அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 85. 2004-இன் ஆழிப்பேரலையைப் பார்த்துப் பிழைத்தவர் அவர்.

அந்தச் செய்திகளில் பெரிதாகப் பேசப்படாத ஒரு விவரம் உண்டு. போவாவின் தாய், மகளுக்கு ஏறக்குறைய 40 ஆண்டு முன்பு இறக்கும்வரை, நெடுங்காலம் அந்த மொழியைப் பேச எஞ்சியிருந்தவர்கள் இரண்டே பேர்: தாயும் மகளும். ஒரு மொழி முழுவதும், அதன் கதைகளும் பாட்டுகளும் வசவுகளும் மீன் பெயர்களும், இரண்டு பெண்களின் வாய்க்குள் இருந்தன. தாயின் சாவுக்குப் பிறகு போவா அக்கம்பக்கத்தாரோடு பேச அந்தமான் இந்தியைக் கற்றுக்கொண்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மொழியியலாளர் அன்விதா அப்பி ஸ்ட்ரெயிட் தீவுக்குப் போய்ப் போவாவிடமிருந்து சொற்களையும் பாடல்களையும் பதிவு செய்தார். போவா பறவைகளோடு தன் மொழியில் பேசுவார் என்றும், அவை தன் முன்னோர் என்று நம்பினார் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

அந்தத் தாயும் மகளும் ஹேடோவிலிருந்து தப்பியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் வட அந்தமான் பக்கத்துக் குடியினர். இல்லங்களின் காலம் முடிந்த பிறகே போவா பிறந்தார். அவர்கள் வாழ்ந்ததைத் தப்பித்தல் என்று கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இல்லங்கள் எதை அறுத்தனவோ அதை அவர்கள் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார்கள். தாயிடமிருந்து மகளுக்கு நோயும் கடனும் விலங்கும் மட்டுமே போக வேண்டும் என்று ஏற்பாடான ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும், ஒரு தாய் தன் மகளுக்குத் தன் பேச்சைக் கொடுத்திருந்தாள். யாரும் அதை வாங்கவில்லை, விற்கவில்லை, எந்தப் பதிவேட்டிலும் ஏற்றவில்லை. அதனால்தான் 2010-இல் ஒரு மொழி செத்தது என்றாவது உலகத்துக்குத் தெரியவந்தது. போவாவுக்கு அவர் தாய் கற்றுத்தராமல் போயிருந்தால் அந்த மொழி இன்னும் 40 ஆண்டு முன்பே, ஒரு செய்திகூட இல்லாமல் போயிருக்கும்.

ஸ்ட்ரெயிட் தீவிலும் போர்ட் பிளேயரிலும் இன்று வாழும் சில பத்துப் பெரிய அந்தமானியர் நம் அனுதாபத்துக்காகக் காத்திருக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது பிள்ளைகளின் உடல்நலம், தங்கள் நிலத்தின் மேல் உரிமை, தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் இடம். அந்தமான் தீவுகளில் இன்று தமிழும் பரவலாகப் புழங்கும் மொழி. அங்கே வீடு கட்டி, கடை வைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கும் நமக்கு இந்தக் கதையில் பொறுப்பு உண்டு. செல்லுலார் சிறையின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஹேடோ இல்லத்தின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாட்டுக்காகச் சிறைப்பட்டவர்களைப் போற்றுவது சரி. தங்கள் நாட்டிலேயே சிறைப்பட்டு, தப்பிப் போகும் வலு இருந்தும் பிள்ளையை விட்டுப் போக மனமில்லாமல் இருந்துவிட்ட தாய்மாருக்கும் அந்தப் போற்றுதலில் பங்கு உண்டு.